முதலில் வெள்ளை அட்டையை எடுங்கள்

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் கடன் நிலுவை என்று போட்டிருக்கிறது. அதைத்தான் பேசப் போகிறோம், ஆனால் கரண்ட்டில் இருந்து தொடங்குகிறோம். நம் கூட்டமைப்பில் ஒரு குழுவில் மூன்று தவணை நின்றுவிட்டது. நின்றது யாரால் என்றால், எட்டு வருஷமாக சேமிப்பில் ஒரு வாரம்கூட தவறாத ஒரு அக்காவால். என்ன ஆச்சுக்கா என்று வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய் சோலார் தகட்டைக் காட்டினார். "இது எரியுது, ஆனா கரண்ட் போனா இதுவும் போயிடுதும்மா" என்றார்.

அவர் வீட்டுக்காரருக்கு மூச்சுத்திணறல். ராத்திரி கரண்ட் போனால் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தே விடிய வைக்கிறார். அதற்காகத்தான் இந்த அக்கா கடன் கேட்டார். தகடு விற்க வந்தவர், "இனி உங்க வீட்ல கரண்ட் பிரச்சனையே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். 2 கிலோவாட், கடன் ஒரு லட்சத்து இருபதாயிரம், தவணை மாதம் மூவாயிரத்துக்கு மேல். மானியம் 60,000 பிறகு வங்கிக் கணக்கில் வந்தது, ஆஸ்பத்திரிச் செலவில் கரைந்தது.

அன்றைக்கு அவர் வீட்டு மீட்டர் பெட்டியில் இருந்த வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தோம். தகடு போடுவதற்கு முன்னால், இரண்டு மாதத்துக்கு 130, 140 யூனிட். 2016-ல் அறிவித்தபடி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது. மீதிக்கு அவர் கட்டியது நூறு ரூபாய்க்குள். அதாவது மாதம் ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க மாதம் மூவாயிரம் கட்டுகிறார்.

அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த விண்ணப்பத்தில் பரிந்துரை எழுதியது நாங்கள். திருப்பிக் கட்டுவாரா என்று பார்த்தோம், கட்டுவார் என்று தெரியும், எழுதிவிட்டோம். எதற்கு வாங்குகிறீர்கள், பில்லைக் குறைக்கவா, கரண்ட் போகும்போது எரியவா என்று கேட்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கரண்ட் போனால் கூரைத் தகடு ஏன் நிற்கிறது? பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மானியத் திட்டத்தில் போடுகிற தகடு ஈ.பி. லைனோடு சேர்ந்தது. லைன் செத்திருக்கும்போது லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்வார். நம் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் அவர் உயிர் போகும். அதனால் லைன் நின்றதும் அதுவும் தானாக நின்றுவிடும். பேட்டரி வைத்த வேறு வகையும் இருக்கிறது, அதற்கு விலை கூட. (ஜெனரேட்டரை பிளக்கில் சொருகி வீட்டு ஒயரிங்குக்குக் கொடுக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே ஆபத்துதான். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது, அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.)

அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு ஃபேன், இரண்டு லைட். 75 வாட் ஃபேன், 9 வாட் பல்பு இரண்டு, கூட்டினால் நூறு வாட்கூட இல்லை. 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் போட்டிருந்தால் ராத்திரி ஏழெட்டு மணி நேரம் ஓடியிருக்கும், கடனும் கால்பங்குதான் ஆகியிருக்கும். ஆனால் இன்வெர்ட்டர் சொந்தமாக கரண்ட் செய்யாது, ஈ.பி. கரண்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 யாருக்கும் மறந்திருக்காது. கஜா அடித்த பிறகு நம் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடும் இரண்டாம் நாள் இருட்டுதான். செல்போனுக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் உள்ள இடத்தில் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். அந்த மாதிரி நாளுக்கு, தனித் தகடு வைத்த சின்ன சோலார் விளக்கு, செல் சார்ஜ் போடும் வசதியோடு, ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். அதற்கு வங்கிக் கடன் வேண்டாம், உள்கடனிலேயே வாங்கலாம்.

எது வாங்கினாலும் பேட்டரியை மறக்காதீர்கள். 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்கு கொடுத்தார்கள். நாங்கள் போகிற தெருக்களில் அந்த வீடுகள் இருக்கின்றன, சிலவற்றில் கூரையில் தகடும் இருக்கிறது, விளக்குதான் எரியவில்லை. தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். பேட்டரி மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து வருஷம். புதுசு வாங்க யாரும் காசு எடுத்து வைக்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றணும், குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு குழுக்களில் பேட்டரிக்கென்று மாதம் தனியாகச் சேமிக்கிறார்கள், எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

அப்படியென்றால் கூரை சோலாரே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பிரிட்ஜ், தண்ணி மோட்டார், கிரைண்டர் என்று ஓடி 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு யூனிட் விலை மளமளவென்று ஏறும். அங்கே அது லாபம். ஒரு கிலோவாட் நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்றும் சொன்னார்கள். மானியம் தகடு மாட்டிய பிறகுதான் வரும், முன்பணம் நம் கையிலிருந்து. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி தளம் வேண்டும், தென்னை நிழல் விழக் கூடாது. நம் ஊரில் தென்னை நிழல் விழாத மாடி எத்தனை? எண்ணிப் பாருங்கள். காற்றுக்குத் தாங்குகிற மாதிரி ஸ்டாண்டை தளத்தோடு எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, பல வீட்டில் இணைப்பு இறந்துபோன மாமனார் பேரிலேயே இருக்கிறது. முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள்.

அந்த அக்காவின் தவணையைக் காலம் நீட்டி, தொகையைக் குறைத்துத் தர வங்கி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். குழு அவரை நெருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் வீட்டுக்காரருக்கு ராத்திரிக்கு சார்ஜ் ஃபேன் ஒன்று, உள்கடன் இரண்டாயிரத்தில் போன வாரம் வாங்கியாச்சு.

இனி கரண்ட் சம்பந்தமான எந்தக் கடன் விண்ணப்பத்துக்கும் கடைசி ஆறு ரீடிங் எழுதிய வெள்ளை அட்டையின் நகல் வைக்க வேண்டும் என்று இன்று தீர்மானம் கொண்டுவருகிறோம். அட்டை தொலைந்தவர்கள் செல்லுக்கு வந்த பில் மெசேஜைக் காட்டலாம். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் அட்டையை எடுத்து வாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார்கள்.