தறியும் தன்மதிப்பும்

மாணவர்களே! காந்திபுரத்தில் வாழ்ந்து, ஆலைத் தொழிலாளரின் மக்களுக்குப் பாடம் சொன்னவன் நான். கூலி உயர்ந்தால் உழைப்பு உயரும் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதானா?

உணவு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, ஆற்றலின் நிறைவு என்று மனிதத் தேவைகளை 1943-இல் அடுக்கிக் காட்டினார் அமெரிக்க உளவியலறிஞர் மாஸ்லோ.

நம் கோவையைப் போலவே பஞ்சாலைகளால் வளர்ந்தது அகமதாபாத். அங்குக் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி இல்லை. 1953-இல் ஏ. கே. ரைஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் சென்று பார்த்தார். 224 தறிகளுக்கு 29 பேர், ஆளுக்கொரு துண்டு வேலை, ஒருவர்க்கொருவர் துணையில்லை. பின்னர்ச் சிறு குழுக்கள் அமைந்தன. கூட்டாளிகளைத் தொழிலாளரே தேர்ந்தனர். தம் தறிகளுக்குத் தாமே பொறுப்பேற்றனர். நெசவு பெருகிற்று, பழுது குறைந்தது.

ஊதிய முறையும் உடன் மாறியது. ஆகவே பெருமை முழுவதும் மதிப்புணர்ச்சிக்கே என்று வாதிடேன். ஆனால் வயிறு நிறைந்த பின்னரே மனம் மதிப்பை நாடும் என்பதை அத்தறிக்கூடம் ஏற்கவில்லை; கூலியையும் கூட்டாளியையும் ஒருங்கே கேட்டது.