காத்து வென்ற வீரர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பேசுவோமென்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ பந்தாட்டம். பண்டிதருக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். கூடைப்பந்து என்னும் ஆட்டத்தை 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் வகுத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஓர் ஆசிரியரே. குளிர்காலத்தில் மாணவர் கூடத்தினுள் ஆடுதற்பொருட்டுப் பழக்கூடைகளை உயரத்திற் பொருத்தி அவர் இதனைத் தொடங்கினார். ஆதலின் ஆசிரியர்க்கும் இதிற் சிறிது உரிமை உண்டு. நிற்க.

அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பெரும்புகழ் எய்திய பில் ரஸ்ஸல் என்பவர், 1934-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், லூயிசியானா மாகாணத்து மன்ரோ நகரில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். நிறவேற்றுமை கொடிதாய் நிலவிய இடம் அது. பெற்றோர் அவ்விழிவு பொறாது கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்டு நகரிற் குடியேறினர். ரஸ்ஸல் தம் பன்னிரண்டாம் வயதிலேயே தாயை இழந்தார்.

பள்ளியில் அவர் சிறந்த ஆட்டக்காரர் அல்லர். நெட்டையாய் ஒல்லியாய்த் தடுமாறும் சிறுவர். இளையோர் குழுவில் இருந்த ஆட்ட உடைகள் பதினைந்து, அவரோ பதினாறாமவர். ஜார்ஜ் பவுல்ஸ் என்னும் பயிற்சியாசிரியர் அவரை விலக்கவில்லை. ஓர் உடையை இருவர் மாறி மாறி அணியச் செய்து, அச்சிறுவரையும் குழுவில் வைத்துக்கொண்டார்.

இதனை அறிந்தபோது எம் நெஞ்சே எம்மைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன், மாணவனொருவன் ஆட்டக் குழுவிற் சேர்த்துக்கொள்ளுமாறு எம்பால் வந்து நின்றான். "இடமில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. பதினாறாமவனுக்கும் இடம் காணும் மனம் எமக்கு அன்று வாய்க்கவில்லை.

ரஸ்ஸலைப் பொருள் தந்து படிக்க அழைத்தது சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றே. அக்கழகம் 1955, 1956-ஆம் ஆண்டுகளில் நாட்டின் கல்லூரிகளுக்குள் முதலிடம் பெற்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குழுவினராய்ப் பொற்பதக்கம் பெற்று மீண்டவர், பாஸ்டன் செல்டிக்ஸ் என்னும் தொழிற்குழுவிற் சேர்ந்தார். 1969 வரை அவர் ஆடிய பருவங்கள் 13. அக்குழு பெற்ற பட்டங்கள் 11. அவற்றுள் 1959 முதல் 1966 வரை பெற்றவை எட்டும் இடைவிடாதன.

இவ்வெற்றிக்குக் காரணம் என்னை? அவர் மிகுதியாகப் புள்ளி எடுத்தவர் அல்லர். அவர் காலத்து எதிராளியும் நண்பருமாகிய வில்ட் சேம்பர்லின் 1962-இல் ஓராட்டத்தில் தனியொருவராய் 100 புள்ளிகள் எடுத்தார். எனினும் அவர் தம் வாழ்நாளிற் பெற்ற பட்டங்கள் இரண்டே. ரஸ்ஸலின் தொழில் காத்தல். எதிரி வளையத்தை நோக்கி எறியும் பந்தை எழும்பித் தடுப்பார். பிறர் தடுத்தால், கூட்டம் ஆரவாரிக்கப் பந்தை எல்லைக்கு வெளியே ஓங்கி அடிப்பர். பந்து மீண்டும் எதிரிக்கே சேரும். ரஸ்ஸலோ மெல்லத் தட்டித் தம் தோழர் கையிற் சேர்ப்பார். தோழர் ஓடிச்சென்று புள்ளி எடுப்பர். புள்ளி தோழருடையது; அதற்கு வித்து இவருடையது.

ஈண்டு ஒரு வியப்புக் கேண்மின். இவ்வாறு தடுத்தவற்றை அக்காலத்துத் தொழிற்சங்கத்தார் கணக்கில் எழுதவே இல்லை. 1973-இல் தொடங்கிய பருவத்திலேதான் எழுதலாயினர். அதற்கு நான்காண்டு முன்னரே அவர் ஓய்வுற்றார். ஆகவே அவர்தம் தலையாய செயலுக்கு ஏட்டில் எண்ணே இல்லை!

களத்தில் வளையத்தைக் காத்தவர், களத்திற்கு வெளியே மானத்தைக் காத்தார். 1961-இல் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரில், அவர் குழுவின் கறுப்பினத் தோழர்க்கு விடுதியில் உணவளிக்க மறுத்தனர். ரஸ்ஸலும் தோழரும் ஆடாமலே ஊர் திரும்பினர். பாஸ்டனை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் அவர் வீட்டிற் புகுந்த தீயோர், பரிசுப் பொருள்களை உடைத்துச் சுவரில் இழிசொற்களை எழுதிச் சென்றனர். அந்நகருக்கே பட்டங்களைக் கொணர்ந்து குவித்தவருக்கு நேர்ந்த கதி இது! அவர் ஆட்டத்தையும் விடவில்லை, தலையையும் தாழ்த்தவில்லை. 1966-இல் அக்குழுவுக்கே பயிற்சித் தலைவரானார். அப்பெருந்தொழிற்சங்கத்தில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆடிக்கொண்டே பயிற்றி, 1968, 1969-ஆம் ஆண்டுகளிலும் வென்றார். 1969-இன் இறுதியாட்டத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவினர் தம் வெற்றிவிழாவுக்கெனக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தனர். 108-க்கு 106 என்ற கணக்கில் செல்டிக்ஸ் வென்றமையால் அவை அங்கேயே தொங்கின.

1975-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தார் அவரைத் தேர்ந்தனர். தமக்கு முன் இடர்ப்பட்டு வழிவகுத்த கறுப்பின வீரர் இருக்க, தாம் முதல்வராகப் புகுதல் தகாதென்று அச்சிறப்பை ஏலாதிருந்தார். அத்தகு முன்னோருள் ஒருவராகிய சக் கூப்பர் 2019-இல் அம்மண்டபத்திற் சேர்க்கப்பட்ட பின்னரே தமக்குரிய மோதிரத்தை ஏற்றார். 2022 ஜூலை 31-இல் தம் 88-ஆம் வயதில் மறைந்தார். அவர் அணிந்த 6 என்னும் எண்ணை இனி எக்குழுவும் புதிதாய் எவர்க்கும் வழங்குவதில்லையென அவ்வாண்டே முடிவாயிற்று.

அன்பர்களே! நம் மக்கள் பரிசு பெறும்போது மதிப்பெண்ணையே கேட்கின்றோம். தோழனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனைக் கேட்பதில்லை. விழா மேடையில் தலைவரைப் போற்றுகின்றோம். இரவெல்லாம் பந்தி பரிமாறியவரை மறக்கின்றோம். எண்ணில் அடங்காத உழைப்பே ஒரு குடும்பத்தையும் ஒரு சங்கத்தையும் தாங்குகின்றது. பிறர் நம்மை இழிவு செய்தலைப் பொறுக்கமாட்டோம், நன்று. நம் வாயிலில் நிற்பாரை நாமும் இழிவு செய்யாதிருத்தலே அம்மானத்துக்கு அழகு.

நம் சங்கத்தார் வழங்கும் உதவிச்சம்பளத்துக்கு இவ்வாண்டும் வேண்டுவோர் பலர், இடங்கள் சிலவே. பதினாறாமவனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். உடை ஒன்றாயினும் இருவர் மாறி அணியலாம். இவ்வொன்றை வேண்டி அமர்கின்றோம்.