கூண்டைத் திறந்து விட்டுடலாமா?

இந்த எபிசோட்ல டெக் இல்ல. ரெண்டு பறவைகளைப் பத்திப் பேசப்போறேன்.

ஏற்காட்டுல இருக்குற எங்க சித்தி, மிட்டுன்னு ஒரு ஆப்பிரிக்கன் லவ்பேர்ட் வளர்க்குறாங்க. அதுக்குத் துணையா சின்னுன்னு இன்னொண்ணு வாங்கி, நேரா அதே கூண்டுல விட்டாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி நான் போனப்போ, மிட்டுவோட இறகு கொட்டியிருந்தது. புதுசா முளைச்சதும் கோணலா இருந்தது. "சீசன் மாறுதுல்லடா, அதான்"னாங்க சித்தி. நானும் நம்பிட்டேன். அப்படியே ஒரு மாசம் வீணாப் போச்சு.

அப்புறம்தான் சேலத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். ரெண்டோட இறகு, ரத்தம் எடுத்து பிசிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரெண்டுமே பாசிட்டிவ். பளபளன்னு இருந்த சின்னுவும்தான். நோயோட பேரு பிபிஎஃப்டி. கிளி இனத்தோட அலகு, இறகு, நோய் எதிர்ப்பு சக்தி மூணையும் தாக்குற சர்க்கோவைரஸ்.

"என்ன மருந்து சார்?"

"இந்த வைரஸைக் கொல்ற மருந்து இல்லப்பா."

ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் செய்யாது. கூடவே பாக்டீரியா தொற்று வந்தா மட்டும்தான் அது உதவும். மத்தபடி கதகதப்பு, சத்தான சாப்பாடு, அமைதி. சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிர்ல கதகதப்பே பெரிய வேலை. இறகுத் தூசி, எச்சம் வழியாப் பரவும்ங்கறதால ஈரத்துணியாலதான் துடைக்கணும். ரெண்டையும் தனித்தனி ரூம்ல வெச்சோம். முதல்ல சின்னுவுக்குச் சாப்பாடு, அப்புறம்தான் மிட்டுவுக்கு.

சித்தப்பாவால பார்க்க முடியல. "திறந்து விட்டுடலாம்டா, வெளியிலயாவது நிம்மதியா இருக்கட்டும்"னார். வெளியில காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், அதுல காட்டுப் பச்சைக்கிளிகள். 1972 வனவிலங்குச் சட்டம் பாதுகாக்குற, வீட்டுல வளர்க்கவே கூடாத கிளிகள். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியிலயும் ரொம்ப நாள் தாங்கும். மொரிஷியஸ்ல அழிவோட விளிம்புல இருந்து மீட்டெடுத்த எக்கோ கிளிகளையே இது தாக்கியிருக்கு. இதைச் சொன்னதும் சித்தப்பா கூண்டுக் கதவுல இருந்து கையை எடுத்துட்டார்.

90 நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட். சில லவ்பேர்ட்ஸ் தானாவே வைரஸை ஜெயிச்சுடும். சின்னு மேல நம்பிக்கை இருக்கு. மிட்டு விஷயத்துல டாக்டர் எந்த வாக்கும் கொடுக்கல. ரெண்டும் சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் கத்திக் கூப்பிட்டுக்குதுங்க. இன்னும் 31 நாள் இருக்கு.

புதுப் பறவை வாங்குறீங்களா? டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.