கூரைத் தோட்டத்தின் வரவும் செலவும்



கூரைத் தோட்டம் என்றதும் நாம் முதலில் கேட்பது, மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்பதே. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளிலுள்ள பலமாடி வாகன நிறுத்துமிடங்களை நோக்குவோம். அவற்றுள் பலவற்றின் மேல்தளத்தில் இன்று புல்லும் செடியும் வளர்கின்றன. கீழே குளிரூட்டுவதற்கு அறைகளே இல்லை. எனவே, மின்கட்டணத்தில் ஆதாயம் தேட இயலாது. ஆயினும், வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் உண்ட வெயிலை மாலையில் உமிழும்போது, அதைத் தாங்குவோர் எதிர்ப்புறத்து வீடுகளில் வாழ்வோரே. மண்ணும் இலையும் அவ்வெப்பத்தைத் தணிக்கின்றன. மழைநீரைச் சற்றே பிடித்துவைத்து மெல்ல வடியவிடுகின்றன. தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்புப் படலத்தை வெயிலினின்று காத்து, அதன் ஆயுளை நீட்டுகின்றன. இப்பயன்கள் ஆண்டுகள் பல கடந்தே கணக்கில் தெரியும்.

செலவோ முந்திக்கொள்கிறது. நனைந்த மண்ணின் பாரத்தைக் கட்டடம் தாங்க வேண்டும். வேர் ஊடுருவாத அடுக்கும் வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் 2009-இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டம், அமைக்கும் செலவில் பாதிவரை ஏற்க முன்வந்தது. அதற்குப் பின்னரும் களை பறிப்பதும், இலை அடைத்த வடிகாலைத் திறப்பதும் ஆண்டுதோறும் தொடர்கின்றன. (திறப்பு விழாப் படங்களில் களை பறிப்பவர் தோன்றுவதில்லை.) அப்பணிக்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்காத தோட்டத்தைச் சிக்கனமானது என்று கூற நாம் உடன்படமாட்டோம்.