கணிப்பொறியில் புகும் பொய்க் காவலர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் இலக்கியமும் நிறைந்த இவ்விழாவில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்த செயற்குழுவினர்க்கு நன்றி. நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடும் கணிப்பொறியுமாகக் காலம் கழிப்பவர். எனினும், நம் காலனி வீடுகளுக்குள் காவலர் வேடம் பூண்டு நுழையும் ஒரு கள்வனைப் பற்றி எச்சரிப்பது கடமை எனக் கருதியே இங்கு நிற்கின்றோம். போலி ஆண்டிவைரஸ் என்பது அக்கள்வனின் பெயர்.

நமக்குப் பழகிய ரயில் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் வண்டியில் கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் ஏறி, “உம் டிக்கெட் செல்லாது, உடனே அபராதம் கட்டும், இன்றேல் போலீசிடம் ஒப்புவிப்பேன்” என்று அதட்டுகின்றார் எனக் கொள்வோம். விவரம் அறிந்த பயணி என்ன செய்வார்? அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்; பணம் கொடுக்கும் முன் ரசீது கேட்பார். உண்மைப் பரிசோதகர் இவ்விரண்டையும் மறுக்கமாட்டார். வேடதாரியோ குரலை உயர்த்துவார், “நேரமில்லை” என்பார். கோட்டைக் கண்டு அஞ்சியவர் பணத்தை இழப்பர். அட்டையைக் கேட்டவர் தப்புவர். கணிப்பொறித் திரையில் தோன்றும் பொய்க் காவலனின் தந்திரமும் இதுவேயாகும்.

கணிப்பொறிக்கு நோய் வருவது மெய்யே. 1986-இல் லாகூரில் தோன்றிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ் பிளாப்பித் தகடுகளின் வழியே நாடு நாடாகப் பரவியது. அத்தகைய நோய்களுக்கு மருந்து கண்டவர்களுள் தமிழகத்தாரும் உண்டு. கேசவர்தனன் அவர்கள் 1991-இல் தொடங்கிய கே7 நிறுவனம் சென்னையிலேயே உள்ளது. நோயும் மெய், மருந்தும் மெய். ஆதலினாலேதான் போலி மருந்து விற்பவனுக்கு வாணிகம் நடக்கின்றது.

அவ்வாணிகத்தின் அளவைக் கேளுங்கள். ‘விண்ஃபிக்ஸர்’, ‘விண் ஆண்டிவைரஸ்’, ‘எக்ஸ்.பி. ஆண்டிவைரஸ்’ என்று பல பெயர்களில் போலிச் சரக்கு விற்ற ‘இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங்’ என்னும் நிறுவனத்தின்மீது, 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர்களிடம் ஏமாந்திருந்தனர். 2012-இல் அந்நாட்டு நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. இடையே 2011 ஜூனில், பல நாட்டுப் போலீசார் சேர்ந்து முறியடித்த வேறொரு கூட்டம், சுமார் 9 லட்சத்து 60 ஆயிரம் பேரிடம் 7 கோடியே 20 லட்சம் டாலர் பறித்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

இக்கூட்டத்தார் பூட்டை உடைத்தா பணம் எடுத்தனர்? இல்லை. மக்களே தம் கையால் எடுத்துக் கொடுத்தனர். எவ்வாறு? இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் சடுதியில் ஒரு சாளரம் திறக்கும். “உங்கள் கணிப்பொறி சோதிக்கப்படுகின்றது” என்று ஒரு பட்டை ஓடும். நாற்பது வைரஸ், ஐம்பது வைரஸ் எனச் சிவப்பு எழுத்தில் எண்ணிக்கை ஏறும். உண்மையில் அங்கே எந்தச் சோதனையும் நடக்கவில்லை. இணையத்தில் நாம் பார்க்கும் ஒரு பக்கம், நம் கணிப்பொறியின் கோப்புகளைத் திறந்து நோய் காணும் ஆற்றல் உடையதன்று. ஓடும் பட்டையும் ஏறும் எண்ணும் முன்னரே வரைந்து வைத்த பொம்மலாட்டம். ஆந்திராவிலிருந்து பார்த்தாலும் அமெரிக்காவிலிருந்து பார்த்தாலும் அதே பொம்மைகளே ஆடும்.

பெயர் பெற்ற கடையாயினும் விழிப்பு வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் ‘ஆபீஸ் டிப்போ’ கடைகளில் கணிப்பொறிகளை இலவசமாகச் சோதிப்பதாகக் கூறினர். “வேகம் குறைந்துள்ளதா?” என்பன போன்ற கேள்விகளுள் ஒன்றுக்கேனும் “ஆம்” எனக் குறித்தால் போதும், நோய் அறிகுறி இருப்பதாகச் சோதனை முடிவு காட்டும். அதைக் காட்டிப் பழுது நீக்கும் சேவையை விற்றனர். 2019-இல் அக்கடையும், மென்பொருள் அளித்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த இசைந்தன.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று இருந்துவிட இயலாது. இந்தப் பொய்க் காவலன் இன்று தொலைபேசியையும் துணைக்கொண்டுள்ளான். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரால் தொழில்நுட்ப உதவி தருவதாக ஏமாற்றிய கூட்டங்களைத் தேடி, 2023 அக்டோபரில் நம் மத்தியப் புலனாய்வுத் துறை ‘சக்ரா’ என்னும் நடவடிக்கையின் இரண்டாம் கட்டத்தை மேற்கொண்டது. இணைய மோசடி வழக்குகள் சிலவற்றுக்காக 76 இடங்கள் சோதனையிடப்பட்டன. ஏமாறுவோர் மட்டுமல்லர், ஏமாற்றுவோரும் நம் நாட்டில் உளர் என்பது வெட்கத்துக்குரியது.

நம் காலனியிலும் ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் வீட்டில் இது நேர்ந்தது. தமிழும் தெலுங்கும் மட்டுமே ஒலிக்கும் அவ்வீட்டில், கணிப்பொறி திடீரென்று ஆங்கிலத்தில் அலறத் தொடங்கிற்று. “இயந்திரம் பூட்டப்பட்டது, அணைத்தால் கோப்புகள் அழியும், இந்த எண்ணுக்குப் பேசுக” என்பது அதன் பொருள். பெரியவர் அந்த எண்ணைச் சுழற்றத் தொலைபேசியை எடுத்துவிட்டார். அவருடைய சேமநிதிப் பணம் முழுதும் வங்கியில் இருந்தது. அவ்வங்கிக் கணக்கை அவர் அதே கணிப்பொறியில்தான் பார்த்துவந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஓடிவந்து, “தாத்தா, இது வெறும் படம்” என்று சொல்லி இயந்திரத்தை அணைத்தாள். மீண்டும் இயக்கியபோது கோப்புகள் அனைத்தும் இருந்தபடியே இருந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். ஆங்கிலத்தில் அதட்டினால் அது அதிகாரத்தின் குரல் என்று எண்ணும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

பொய்க் காவலனை அறியும் அடையாளங்கள் சில. நாம் நிறுவாத பெயரில் வருவான். அவசரப்படுத்துவான். பணமோ, அட்டை எண்ணோ, தொலைபேசி அழைப்போ கேட்பான். மெய்யான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இராது என்பதை நினைவிற்கொள்க. ஐயம் வந்தால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உடன் வரும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யை நாமே திறந்து பார்க்க வேண்டும். பரிசோதகரின் அடையாள அட்டையைக் கேட்பது போன்றது அது.

இனி, நீக்கும் முறை. பொய்ச் சாளரம் தோன்றினால் அதிலுள்ள எதையும் அழுத்தாதீர். மூடுவதற்கான பெருக்கல் குறியும் வரைந்த படமாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், திரை முழுதும் பரவிய பக்கம் சுருங்கும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் பிரௌசரைத் தெரிந்து முடித்துவிடலாம். அதுவும் இயலாவிடின் மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி அணைத்துவிடுக. மறுபடி பிரௌசரைத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டா எனக் கூறுக. எச்சரிக்கை அடிக்கடி மூலையில் முளைத்தால், பிரௌசரின் அமைப்புகளில் ‘நோட்டிபிகேஷன்’ பகுதிக்குச் சென்று, அறியாத தளங்களுக்கு அளித்த அனுமதியை நீக்குக.

போலி மென்பொருள் ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்டதெனில், முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் பட்டியலின் வழியே ‘சேஃப் மோட்’ செல்லலாம். அந்நிலையில் இன்றியமையாதவை மட்டுமே இயங்குமாதலின் கள்வன் பெரும்பாலும் உறங்கியிருப்பான். செயலிகளின் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கி, அறியாத புதியவற்றை நீக்குக. பிரௌசரில் ஒட்டிக்கொண்ட அறியாத நீட்சிகளையும் அகற்றுக. பின்னர் வழக்கம்போல் இயக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனையும், அதன்பின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்னும் சோதனையும் நடத்துக. பின்னது, விண்டோஸ் எழுமுன்னரே கள்வனைத் தேடுவது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’வும் இலவசக் கருவிகள் வழங்குகின்றது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய இயந்திரம் வைத்திருப்போர் இதனைக் கருத வேண்டும்.

அயலான் எவனுக்கேனும் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்க இடம் கொடுத்திருந்தாலும், பணம் செலுத்தியிருந்தாலும், சோதனைக்குக் காத்திராது உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். 1930 என்னும் எண்ணில் புகார் கூறுங்கள். கடவுச்சொற்களை வேறொரு நல்ல இயந்திரத்திலிருந்து மாற்றுங்கள். முதல் சில மணி நேரமே பணத்தைத் தடுத்து நிறுத்த ஏற்றது.

அன்பர்களே, ஏமாந்தவர் வாய் திறவாதிருப்பதே இக்கள்வனின் பெரும் பலம். “ஊரார் நகைப்பர்” என்று தந்தை மறைப்பார். “அப்பா அடிப்பார்” என்று மகன் மறைப்பான். அதற்குள் பணம் எல்லை கடந்துவிடும். பல லட்சம் பேர் விழுந்த பள்ளத்தில் ஒருவர் விழுந்தார் என்பதற்காக அவரை அறிவிலி எனல் தகாது. ஏமாந்தவரை ஏசாதிருப்போம் என்று நம் காலனியின் ஒவ்வொரு வீடும் இன்று உறுதி கொள்ளட்டும். பிள்ளைகள் அச்சமின்றிச் சொல்ல, பெரியோர் கூச்சமின்றிக் கேட்க, இச்சங்கம் துணை நிற்கட்டும்.

பதறாத காரியம் சிதறாது. திரை அலறினால் கையை எடுங்கள், அடுத்த வீட்டாரை அழையுங்கள், பின்னர் செயற்படுங்கள். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!