அவை கேட்ட குரல்

இலக்கியக் கூட்டங்களில் எழுத்தாளர்கள் தம் படைப்புகளைத் தாமே வாசிப்பதையும் அவற்றைப் பற்றிப் பேசுவதையும் ஒலிப்பதிவு செய்து வைக்கும் வழக்கம், அச்சுப் புத்தகத்துக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்ட துணைப்பொருளாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆசிரியரின் குரல் எப்படி இருந்தது என்றறியும் ஆவலைத் தீர்ப்பதற்கு மேல் அதனால் பயன் ஏதும் உண்டென்று பலர் எண்ணியதில்லை. ஆனால், ஒலிப்பதிவுக் கூடத்தின் அடைத்த அறையில் எடுத்த பதிவையும் ஆட்கள் நிறைந்த அரங்கில் எடுத்த பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்குப் பின்னதில் ஆசிரியரின் குரலோடு இன்னொன்றும் பதிவாகியிருப்பது தெரியவரும். அந்தப் படைப்பை அன்று எதிர்கொண்ட அவை எதைக் கேட்டுச் சிரித்தது, எங்கே சிரிக்கத் தயங்கியது, எந்த இடத்தில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டது என்பதெல்லாம் அந்த ஒலிக்குள் இருக்கிறது. இத்தகைய பதிவுகளின் பெருமதிப்பு ஆசிரியரின் குரலில் இருப்பதைவிட அவையின் செவியில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கருத்து.

கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்றே இதைக் காட்டிவிடுகிறது. 1889 ஏப்ரல் 7 அன்று, லண்டனில் ருடால்ஃப் லேமன் என்ற ஓவியரின் வீட்டு விருந்தில், முதிய கவிஞர் ராபர்ட் பிரவுனிங் எடிசனின் ஒலிவரைவியின் முன் தம் கவிதை ஒன்றைச் சொல்ல முற்பட்டார். ஒலியின் அதிர்வை ஊசி ஒன்று மெழுகு உருளையின்மேல் கீறிப் பதிக்கும் கருவி அது. சில அடிகள் சொன்னதும் தாம் எழுதிய கவிதையே அவருக்கு மறந்துபோயிற்று. அவர் வருத்தம் தெரிவிப்பதும், தம் பெயரைச் சொல்வதும், சூழ நின்றவர்கள் உற்சாகமாக ஆரவாரம் செய்வதும் அந்த உருளையில் பதிந்திருக்கின்றன. மறு ஆண்டு டென்னிசன் இதே வகைக் கருவியில் தம் போர்க் கவிதையை வாசித்துப் பதித்தார். கவிதைக்காக மட்டும் கேட்பவர்கள் டென்னிசனையே தேர்வார்கள். ஆயினும் ஒரு கவிஞர் மனிதர்களுக்கு நடுவில் நின்ற நிலையை உணர்த்துவது, பாதியில் நின்றுபோன பிரவுனிங்கின் உருளையே.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் இக்கலை கருவியின் குறுகிய எல்லைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே கொள்ளும் என்பதால், சிறு கவிதைகள் அதில் அடங்கினவே தவிர, ஒரு முழுச் சிறுகதையோ ஒரு மாலைப்பொழுதின் கூட்டமோ அடங்க வழியில்லை. 1940களின் இறுதியில் காந்த ஒலிநாடா பரவியதும், 1948இல் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்ததும் அந்தத் தடையை நீக்கின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1943இலேயே கவிஞர்களின் வாசிப்புகளுக்கென ஓர் ஒலிக்காப்பகத்தைத் தொடங்கியிருந்தது. 1952இல் பார்பரா கோஹன், மேரியன் ரோனி என்ற, 22 வயதே ஆகியிருந்த இரு பெண்கள் நியூயார்க்கில் கேட்மன் என்னும் பெயரில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸைப் பதிவு செய்தனர். இசையே இல்லாத இசைத்தட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்கப்பட்டிருக்கக்கூடிய காலத்தில், எழுத்தாளரின் பேச்சொலிக்கும் ஒரு சந்தை உண்டு என்று நிறுவியவர்கள் அவர்கள்.

அந்த நிறுவனம் பின்னாளில் வெளியிட்டவற்றுள் ஒன்று, 1953 மே 14 அன்று நியூயார்க்கின் 92ஆம் தெருவிலுள்ள கவிதை மையத்தில் நடந்த நிகழ்ச்சியின் பதிவு. ‘அண்டர் மில்க் வுட்’ என்ற, குரல்களுக்காகவே எழுதப்பட்ட நாடகத்தை டிலன் தாமஸும் ஐந்து நடிகர்களும் அன்று மேடையில் வாசித்தனர். மேடை ஏறும் நேரம் நெருங்கிய பிறகும் தாமஸ் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதும், கடைசிப் பகுதிகள் நடிகர்களின் கைக்கு வந்து சேர்ந்தபோது திரை தூக்கச் சற்று நேரமே இருந்தது என்பதும் அந்த நாடகத்தின் வரலாற்றில் பதிவானவை. ஒலிப்பதிவுக்கென்று பெரிய ஏற்பாடு ஏதுமின்றி, மேடைத் தரையின் முன்பக்கத்தில் ஒரே ஓர் ஒலிவாங்கி வைக்கப்பட்டிருந்தது. அதனால் குரல்கள் சமச்சீராக இல்லை. அரங்கின் ஓசையும் கலந்தே கேட்கிறது. தொழில்நுட்பக் கண்ணோட்டத்தில் இது குறை என்பதை மறுக்க இயலாது. எனினும் அடுத்த ஆண்டு ஜனவரியில் ரிச்சர்ட் பர்ட்டனின் குரலோடு பிபிசி ஒலிபரப்பிய செம்மையான வடிவத்தைக் கேட்டுவிட்டு இதற்குத் திரும்பினால், நாடகம் இன்னும் முற்றிலும் இறுகாத நிலையில், அதை எழுதியவரே ஒரு கூட்டத்தின்முன் சோதித்துப் பார்ப்பது இதில்தான் புலப்படுகிறது. பிபிசி ஒலிபரப்பைக் கேட்கத் தாமஸ் இருக்கவில்லை; 1953 நவம்பரில் அதே நியூயார்க்கில் அவர் இறந்துபோனார்.

அவையின் செவியை இன்னும் துல்லியமாகக் காட்டும் பதிவு, 1959 ஏப்ரலில் டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இலக்கியக் கருத்தரங்கில் எடுக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிளானரி ஓ’கானர், ‘எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்’ என்ற தம் சிறுகதையை முக்கால் மணிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் வாசித்து முடித்தார். காரில் சுற்றுலா புறப்படும் ஒரு குடும்பம், தன் பிடிவாதத்தாலும் சாமர்த்தியத்தாலும் வழியை மாற்றிவிடும் பாட்டி, சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவனை வழியில் எதிர்கொள்ளல் என்று செல்லும் அக்கதை, குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சாமல் முடிகிறது. அச்சில் படிப்பவர்கள் பலர் இதைக் கொடூரமான கதை என்றே நினைவில் வைத்திருப்பார்கள். பதிவிலோ முற்பகுதி முழுவதும் அரங்கம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. ஓ’கானர் எந்த இடத்திலும் நடித்துக் காட்டவில்லை. ஜார்ஜியாவின் இழுத்துப் பேசும் உச்சரிப்பில், முகம் மாறாத ஒருவர் அண்டைவீட்டுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார். கதைக்குள் வரும் சிறுவன் டென்னசி மாநிலத்தை இளக்காரமாகப் பேசுகிறான். அந்த வரி டென்னசிக்காரர்கள் முன்னிலையிலேயே வாசிக்கப்படுகிறது என்பது அன்றைய கூட்டத்துக்கு மட்டுமே வாய்த்த சுவை.

கதையில் கொலைகாரன் தோன்றிய பின்னர் சிரிப்பு மெல்லத் தேய்கிறது. ஆனால் அது ஒரே கணத்தில் நின்றுவிடுவதில்லை. கேட்பவர்கள் பழக்க வேகத்தில் இன்னும் சற்று நேரம் சிரிக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆசிரியரின் தொனியோ மாறுவதே இல்லை. வேடிக்கையையும் கொலையையும் ஒரே குரலில் சொல்வதுதான் அக்கதையின் உத்தி என்று விமரிசகர்கள் பல பக்கங்களில் விளக்குவதை இந்தப் பதிவு சில நிமிடங்களில் காதில் போட்டுவிடுகிறது. ஐயோவா பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர வந்த நாளில் ஓ’கானரின் உச்சரிப்பு விளங்காமல், சொல்ல வந்ததை எழுதிக் காட்டும்படி பேராசிரியர் கேட்டுக்கொண்டார் என்று சொல்லப்படுவதுண்டு. அதே உச்சரிப்பு தெற்கத்தி அவையில் எந்த விளக்கமும் வேண்டாமல் போய்ச் சேர்ந்தது. அவருடைய உரைநடை எந்தப் பேச்சிலிருந்து பிறந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறு இல்லை.

பதிவு செய்யப்படாத கூட்டங்கள் புராணமாகிவிடுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. 1955 அக்டோபர் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் ஆலன் கின்ஸ்பெர்க் ‘ஹவுல்’ கவிதையை முதன்முறை பொதுவில் வாசித்த மாலையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் ஒலிப்பதிவு இல்லை. நான்கு மாதம் கழித்து ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் அவர் வாசித்ததன் நாடா, அரை நூற்றாண்டு கேட்பாரற்று இருந்து, 2007இல் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் அவர் இரண்டாம் பகுதியைத் தொடங்கிச் சிறிது தூரம் போய், மேற்கொண்டு வாசிக்க மனமில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். பெரும்புகழ் பெற்ற கவிதை ஒருநாள் அப்படி அரைகுறையாகவும் நின்றிருக்கிறது என்ற செய்தி, புராணத்தைச் சற்றே தரைக்கு இறக்குகிறது.

இதனால் ஆசிரியரின் வாசிப்பே படைப்பின் இறுதி விளக்கம் என்று கொண்டுவிடலாகாது. தம் எழுத்தை மோசமாக வாசித்த பெரிய எழுத்தாளர்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. நல்ல குரல் வாய்த்தவர் சுமாரான கவிதையையும் கைதட்டல் பெற வைத்துவிடுவார் என்பதைத் தமிழ்க் கவியரங்குகளைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாறாக, வாசிப்புக்கு முன் ஆசிரியர் பேசும் சில சொற்கள் பல வேளைகளில் வாசிப்பைவிடப் பயன் தருகின்றன. 1932இல் பிபிசியில் பேசிய அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ், தாளத்தை அழுத்தித்தான் வாசிக்கப்போவதாகவும், பாடுபட்டுச் செய்யுளாக்கியதை உரைநடைபோல வாசிக்க முடியாதென்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டபின் அவருடைய இழுவையான ஓதலைப் பழங்காலத்துப் பாணி என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நூலை அவை முன் படித்து அரங்கேற்றும் மரபுடைய தமிழில், அவையின் பதிவுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. பாரதியின் குரல் எந்தத் தட்டிலும் கிடைக்கவில்லை என்பது பழைய ஏக்கம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தென்னாசிய இலக்கிய ஒலிப்பதிவுத் திட்டத்தில் தமிழ் எழுத்தாளர்களும் தம் எழுத்தை வாசித்திருக்கிறார்கள். பயனுள்ள பணிதான், ஆனால் அது கேட்போர் இல்லாத வாசிப்பு. கூட்டங்களில் எடுத்த ஒலிப்பேழைகளோ, எந்த ஊர், எந்த நாள், பேசியவர் யார் என்ற குறிப்பே இல்லாமல், ஈரம் ஏறிப் பூஞ்சை படிந்து வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இன்று கைபேசியிலேயே எல்லாமும் பதிவாகிவிடும் நிலையிலும் ஒரு குறை தொடர்கிறது. மேடையில் இருப்பவருக்கு மட்டுமே ஒலிவாங்கி தரப்படுவதால், கேள்வி நேரத்தில் அவையிலிருந்து எழும் கேள்வி முணுமுணுப்பாகத் தேய்ந்துபோக, எழுத்தாளரின் விடை மட்டும் தெளிவாகக் கேட்கிறது. சுற்றி வரும் ஒலிவாங்கி ஒன்று கிடைக்காத கூட்டத்தில், விடை சொல்லுமுன் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டாலே போதும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.