மனசு குளிர்ந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் பேசியது)



"பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். இன்றைக்குப் பழைய முகங்களைப் பார்த்து எல்லாரும் சந்தோசமாக இருக்கிறோம். ஆகவே சந்தோசத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய சந்தோசம் வந்தால் ஆங்கிலேயன் என்ன சொல்கிறான், நாம் என்ன சொல்கிறோம்?

அவனுக்குச் சந்தோசம் வந்தால் மேலே போய்விடுவான். 'ஆன் கிளவுட் நைன்' என்றால் ஒன்பதாவது மேகத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். இது அமெரிக்காவில் பிறந்த பேச்சு. ஏழாவது மேகம், எட்டாவது மேகம் என்றும் அங்கே சொன்னதுண்டு. கடைசியில் ஒன்பதுதான் நிலைத்தது. 'ஓவர் த மூன்' என்றால் நிலாவையும் தாண்டிவிட்டான். பசுமாடு நிலாவைத் தாண்டிக் குதித்ததாக அவர்களுக்கு ஒரு குழந்தைப் பாட்டு உண்டு. 1970-களில் பிரிட்டனில் கால்பந்துக்காரர்கள் ஜெயித்தபோதெல்லாம் இதையே சொல்லி ஊரெங்கும் பரப்பிவிட்டார்கள். 'வாக்கிங் ஆன் ஏர்' நமக்குப் புதுசு இல்லை. "அவனுக்குக் கால் தரையில பாவல" என்று நம் வீட்டிலும் சொல்வோம்.

சிலவற்றுக்கு அவர்கள் வாழ்க்கை தெரிந்தால்தான் அர்த்தம் புரியும். 'ஹாப்பி அஸ் எ கிளாம் அட் ஹை டைட்' என்பார்கள். கிளாம் என்றால் மட்டி. இடிந்தகரை, உவரிப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். கடல் வற்றும்போதுதான் மட்டி தோண்டுவார்கள். கடல் ஏறி நின்றால் மட்டிக்குக் கவலையில்லை! 'பிளீஸ்ட் அஸ் பஞ்ச்' என்பதில் வரும் பஞ்ச் ஒரு பொம்மலாட்டப் பொம்மை. எல்லாரையும் அடித்துவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும். ஆகவே அதில் கொஞ்சம் தற்பெருமை வாடை உண்டு. நம் முதல்வர் ஐயாவைப் பாராட்டும்போது அதைச் சொல்லிவிடாதீர்கள்.

நமக்குச் சந்தோசம் வந்தால்? "மனசு குளுந்துட்டு" என்கிறோம். கண் குளிரப் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது என்கிறோம். ராதாபுரம் வெயில் உங்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவமழையை மேற்கே மலை மறித்துக்கொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், கோதையாற்றுத் தண்ணீர் கொண்டுவரும் ராதாபுரம் கால்வாய்க்கும் காத்திருக்கிற பூமி இது. இங்கே குளிர்ச்சிதான் சுகம். பனியில் நடுங்குகிறவனுக்குச் சூடுதான் சுகம். அதனால்தான் அவன் 'வார்ம் வெல்கம்' என்கிறான், 'ஹார்ட்வார்மிங்' என்கிறான். நெஞ்சு குளிர்ந்தது என்பதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால், அன்பு ஆறிப்போச்சு என்றுதான் எடுத்துக்கொள்வான்.

"வயித்துல பால வார்த்தியே ராசா" என்று அம்மா சொல்கிறாள். அது வெறும் சந்தோசம் இல்லை. பயந்து கிடந்த பிறகு வருகிற நிம்மதி. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், கேட்கிறவன் டாக்டரைக் கூப்பிடுவான். 'வாட் எ ரிலீஃப்' என்றால் போதும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நம் பக்கத்துப் பையன் ஒருவன், பனையேறுகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை வைத்து, "ஐ ஆம் ஆன் கிளவுட் நைன், சார்" என்றான். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தெரிந்த கேள்விக்கும் அவன் வாயிலிருந்து பதில் வரவில்லை. வேலை போச்சு. பாடத்தில் அவன் கெட்டிக்காரன். அவர்கள் சிரித்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஃபைன், தேங்க் யூ சார்' போதுமான இடம் அது.

ஆகவே தம்பி தங்கைகளே, மரபுத்தொடரைப் படியுங்கள். யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நிலாவும் மேகமும் நண்பர்களிடம் பேசுவதற்கு. அலுவலகக் கடிதத்துக்கு 'டிலைட்டட்' என்ற ஒரு சொல் போதும். சந்தேகமாக இருந்தால் 'வெரி ஹாப்பி' என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1838-ல் சென்னைக்கு வந்தார். 1841-ல் நமக்குப் பக்கத்து இடையன்குடிக்கு வந்தார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இந்த ஜனங்களோடு வாழ்ந்து அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்தவர் அவர். நாமும் ஆங்கிலத்துக்கு அப்படிக் காது கொடுத்தால் போதும், பயம் வேண்டியதில்லை.

நாளைக்கு உங்களுக்கு வேலை கிடைக்கும். கம்பெனிக்கு 'ஐ ஆம் டிலைட்டட்' என்று எழுதுங்கள். பிறகு வீட்டுக்குப் போன் போடுங்கள். அம்மா என்ன சொல்கிறாள் என்று நிதானமாகக் கேளுங்கள். அந்தச் சொல்லையும் மறந்துவிடாதீர்கள்.